பாயிண்டர் நாய்க்கு இ-காலர்: எதை வாங்குவது, எப்போது பொத்தானைத் தொடாமலிருப்பது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மினசோட்டா மாநிலத்தின் மினியாபோலிஸ் அருகே வசிக்கிறீர்கள். வீட்டில் ஒன்பது மாதமான ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் பெட்டை இருக்கிறது (பறவையை மோப்பம் பிடித்ததும் அசையாமல் நின்று காட்டும் வேட்டைநாய் இது; அப்படி நிற்பதையே பாயிண்ட் என்பார்கள்). வரும் அக்டோபரில் தெற்கு டகோட்டாவுக்கு, ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வகைப் பறவையின் வேட்டைக்கு அதை முதன்முறையாக அழைத்துச் செல்லப் போகிறீர்கள். சென்ற மாதம் அது ஒரு மானைத் துரத்திக்கொண்டு ஓடி, நாற்பது நிமிடம் கழித்தே திரும்பியது. ரிமோட்டின் பொத்தானை அழுத்தினால் நாயின் கழுத்தில் மின்துடிப்பு தரும் பட்டைதான் இ-காலர்; அதில் எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கிறீர்கள். உங்கள் மனைவி இதைக் கொடுமை என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மனைவியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குக் கிடைக்கும் விடைதான் எந்தக் கருவி, எந்த முறை என்ற இரண்டையும் தீர்மானிக்கிறது. 2007இல் ஜெர்மனியின் ஹனோவர் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 பீகிள் நாய்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாய்களை மூன்று பிரிவாக வைத்தார்கள். முதல் பிரிவு நாய்களுக்கு, இழுவைக் கருவியில் கட்டி ஓடவிட்ட பொம்மை முயலைத் தொட்ட அதே கணத்தில் மட்டும் மின்துடிப்பு கிடைத்தது. இரண்டாம் பிரிவுக்கு, வேட்டை வேகத்தின் நடுவே, முன்பே கற்பிக்கப்பட்ட அழைப்புக்குத் திரும்பாதபோது கிடைத்தது. மூன்றாம் பிரிவுக்குக் காரணமே இல்லாமல், எப்போது வரும் என்று நாய்க்குத் தெரியாத வகையில் கொடுத்தார்கள். உமிழ்நீரில் உள்ள கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தபோது, முதல் பிரிவில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. மூன்றாம் பிரிவில் தெளிவான உயர்வு இருந்தது. இரண்டாம் பிரிவிலும் உயர்வு இருந்தது.

காலரை ஆதரிப்பவர்கள் இந்த ஆய்வில் முதல் பிரிவை மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். எதிர்ப்பவர்கள் மூன்றாம் பிரிவை மட்டும் காட்டுவார்கள். நாம் கவனிக்க வேண்டியது இரண்டாம் பிரிவு. ஏனென்றால் வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர், நீங்களும் நானும் உட்பட, காலரை வாங்குவது அதற்காகத்தான்: கூப்பிட்டால் வராத நாயை வரவழைக்க. பொம்மை முயலைத் தொட்டதும் வரும் துடிப்பின் காரணம் நாய்க்கு உடனே விளங்குகிறது. தொடாவிட்டால் அது வராது என்பதும் விளங்குகிறது. ஓட்டத்தின் நடுவே காதில் பாதி விழுந்த ஒரு சொல்லுக்கும், கழுத்தில் வந்த ஏதோ ஒரு குத்தலுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு எளிதில் விளங்குவதில்லை. எது இந்தத் தொல்லையைக் கொண்டுவந்தது, எதைச் செய்தால் இது நிற்கும் என்ற இரண்டும் நாய்க்குத் தெரிந்திருந்தால் அது பயிற்சி. தெரியாவிட்டால் உங்கள் மனைவி சொல்வதே சரி. இந்தப் பதிலில் இனி நான் சொல்லப்போவதெல்லாம் இரண்டாம் பிரிவு நாயை எப்படி முதல் பிரிவு நாயின் நிலைக்குக் கொண்டுவருவது என்பதைப் பற்றியதே.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 63 நாய்களை மூன்று சம பிரிவாகப் பிரித்து, காலர் பயிற்சியையும் காலரற்ற பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். பரிசை முதன்மையாகக் கொண்டு பழக்கப்பட்ட நாய்கள் அழைப்புக்கு வருவதிலும் அமர்வதிலும் எவ்வகையிலும் பின்தங்கவில்லை; சில அளவுகளில் முந்தியே இருந்தன. முந்நூறு மீட்டருக்கு அப்பால், எதிர்க்காற்றில், பறவையின் மணம் மூக்கில் ஏறிய பாயிண்டரின் நிலை அந்த நாய்களின் நிலையன்று என்று நான் வாதிடலாம், வாதிடுகிறேன். ஆனாலும் சாதாரணக் கீழ்ப்படிதலுக்குக் காலர் தேவையில்லை என்பதை அந்த ஆய்வுக்குப் பிறகு மறுப்பது நேர்மையாகாது. வேல்ஸ் 2010இலேயே இதைத் தடை செய்தது. உங்கள் நாயின் தாயகமான ஜெர்மனியில், நாய்க்கு வலி தரக்கூடிய மின் காலரைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. ஷார்ட்ஹேர்டு இனத்துக்கென்றே அங்கு நடக்கும் டெர்பி, சோல்ம்ஸ் தேர்வுகளுக்கு நாய்கள் இந்தக் கருவி இல்லாமல்தான் தயாராகின்றன. அமெரிக்காவிலும் நாவ்டா என்று அழைக்கப்படும் வட அமெரிக்கப் பன்முக வேட்டைநாய்ச் சங்கம், 1969இல் தொடங்கிய நாள்முதல் ஷார்ட்ஹேர்டு போன்ற நாய்களுக்குத் தேர்வு நடத்திவருகிறது. அதன் தேர்வுக் களத்தில் பயிற்சிக் காலருக்கு இடமில்லை. ஆகவே காலர் இல்லாமல் இந்த இனத்தைப் பழக்கவே முடியாது என்று யாராவது கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் ஏன் வாங்க வேண்டும்? உங்கள் விஷயத்தில் என் விடை அந்த மான்தான். மினசோட்டாவில் மானைத் துரத்தி அதற்கு ஆபத்து விளைவிக்கும் நாயைச் சுட்டுக் கொல்ல வனக்காவல் அதிகாரிக்குச் சட்டமே இடம் தருகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து நெடுஞ்சாலை. மான் சாலையைத் தாண்டும், நாயும் பின்னால் தாண்டும், லாரி ஓட்டுபவருக்கு இரண்டும் தெரியாது. நம் ஊர்ப் பக்கத்துக் கன்னி, சிப்பிப்பாறை நாய்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். அவை கண்ணால் கண்டு துரத்தும் நாய்கள். இரை மறைந்தால் ஓட்டமும் பெரும்பாலும் தணிந்துவிடும். (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அவற்றைக் கொண்டு முயல் பிடிப்பதும் குற்றம் என்பது வேறு செய்தி.) பாயிண்டருக்கு மூக்கே வழிகாட்டி. மான் கண்ணிலிருந்து மறைந்து பத்து நிமிடம் ஆனாலும் மணம் தரையில் கிடக்கும். நாய் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த மாவட்டம் வரை போகும். எட்டாத தூரத்தில் இருக்கும் நாயிடம், அதற்கு முன்பே தெரிந்த ஒரு சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டும் இந்தக் கருவி உதவும். தெரியாத சொல்லை அது கற்பிக்காது.

இனி கருவி. தொடக்க காலத்துக் காலர்களில் வலிமையை நாயின் நிலைக்கேற்ப அப்போதைக்கப்போது மாற்றும் வசதி இல்லை; பின்னர் வந்த சில மாடல்களில் கழுத்திலிருந்து கழற்றி, தோலில் படும் உலோகத் தொடுமுனைகளையே மாற்றினால்தான் வலிமை மாறும். இந்தக் கருவிக்கு ஏற்பட்ட கெட்ட பெயரில் பெரும்பகுதி அந்தக் காலத்தில் சம்பாதித்தது. அரிசோனாவின் டூசானில் தொடங்கிய ட்ரை-ட்ரானிக்ஸ் நிறுவனம் பல ஆண்டுகள் இத்துறையில் முன்னின்றது. 2011இல் கார்மின் அதை வாங்கியது. இன்று சந்தையில் கார்மின், டாக்ட்ரா, ஸ்போர்ட்டாக், இ-காலர் டெக்னாலஜீஸ் ஆகியவையே பெரும்பாலும் கண்ணில் படும். நான்கும் வேலை செய்யும். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது எட்டும் தூரமும் உச்ச வலிமையும்தான். நீங்கள் பார்க்க வேண்டியவை அவை அல்ல.

முதலில் பார்க்க வேண்டியது வலிமையின் கீழ்நிலைப் படிகள். நாய் லேசாக உணரும் அளவிலிருந்து அது திடுக்கிடும் அளவு வரை எத்தனை படிகள் இருக்கின்றன என்பதே ஒரு காலரின் தரம். சில கருவிகளில் 1 முதல் 18 வரை படிகள் இருக்கும். சிலவற்றில் 100 அல்லது 127 வரை எண் போகும் சுழற்குமிழ் இருக்கும். மென்மையான சுபாவமுள்ள பெட்டைக்கு நுண்ணிய படிகள் பெரிய வரம். ஆனால் சுழற்குமிழ் சட்டைப் பைக்குள் உரசித் தானே திரும்பிவிடும். 12இல் வைத்தது 60இல் நிற்கும். அது தெரியாமல் அழுத்திவிடுவீர்கள். எனவே குமிழ் உள்ள கருவியானால் அளவைப் பூட்டும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு கணம் மட்டும் துடிக்கும் வகைக்கும், அழுத்தியிருக்கும் வரை தொடரும் வகைக்கும் தனித்தனிப் பொத்தான்கள் இருக்க வேண்டும். தொடர்வகையில் சில நொடிகளுக்குப் பின் தானாக நின்றுவிடும் காப்பு இருக்கும். இருக்கிறதா என்று கையேட்டைப் பாருங்கள். ஒலி, அதிர்வு ஆகியவற்றுக்கும் பொத்தான் இருந்தால் நல்லது. அதிர்வு மென்மையானது என்று நினைத்துவிட வேண்டாம். சில நாய்கள் மின்துடிப்பைவிட அதிர்வுக்கே அதிகம் மிரளும்.

அடுத்தது உங்கள் கட்டைவிரல். கடையில் கையுறை அணிந்துகொண்டு, கருவியைப் பார்க்காமல், மூன்று பொத்தான்களையும் தடவிக் கண்டுபிடித்துப் பாருங்கள். நாய் ஓடும்போது நீங்கள் நாயைத்தான் பார்க்க வேண்டும், ரிமோட்டை அல்ல. தொடுதிரை அழகாக இருக்கும். ஈரக் கையுறைக்கு அது பயன்படாது. நீர்க்காப்பைப் பொறுத்தவரை, ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். சதுப்பில் இறங்கும் நாய்க்கு அதற்குக் குறையக்கூடாது. காலர் மட்டுமன்றி ரிமோட்டும் அப்படி இருக்க வேண்டும். தெற்கு டகோட்டாவின் சம்பங்கோரைச் சதுப்பில் ரிமோட்டைத் தண்ணீரில் போடாமல் ஒரு பருவத்தைக் கடந்தவர்கள் குறைவு. ரிமோட்டின் நிறம் ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ இருந்தால் தேட வசதி.

தூரத்தைப் பற்றி ஒரு சொல். அரை மைல், ஒரு மைல் என்று பெட்டியில் எழுதியிருப்பது, இடையில் எதுவும் மறைக்காத வெட்டவெளியில் எடுத்த அளவு. சோளக்காட்டுக்குள் நாய் தாழ்வாக ஓடும்போது, நீங்கள் ஓடைக்கரைக்கு இந்தப்புறம் நிற்கும்போது, அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். ஆனாலும் கால்நடையாக வேட்டையாடுபவரின் ஷார்ட்ஹேர்டு பெரும்பாலும் ஐம்பது முதல் நூற்றைம்பது மீட்டருக்குள்தான் வேலை செய்யும். எனவே ஒரு மைல் கருவி தாராளம். இங்கே உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. பயிற்சிக் காலர் மட்டும் வாங்கினால் சுமார் 200 அல்லது 300 டாலரில் முடியும். நாய் இருக்குமிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ்ஸும் பயிற்சியும் சேர்ந்த கருவி அதைப்போலப் பலமடங்கு விலை. மானைத் துரத்தாத நாயாக இருந்தால் முதலாவதையே வாங்கச் சொல்வேன். உங்கள் நாய் நாற்பது நிமிடம் காணாமல் போயிருக்கிறது. தெரியாத மாநிலத்துக்கு அதை அழைத்துப் போகிறீர்கள். பணம் இடம் கொடுத்தால் ஜிபிஎஸ் உள்ளதை வாங்குங்கள். ஐரோப்பாவுக்கென்று செய்த கருவி இணையத்தில் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். அங்கும் இங்கும் ரேடியோ அலைவரிசை வேறு. அமெரிக்காவில் அதைப் பயன்படுத்துவது விதிமீறல்.

வாங்கியதும் முதல் வேலை, காலரை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்து, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பது. மனைவியும் விரும்பினால் பார்க்கட்டும். கீழ்ப்படிகளில் எதுவுமே தெரியாது. பின்பு எறும்பு ஊர்வதுபோல இருக்கும். அதன்பின் தசை துள்ளும். மேற்படிகள் உறுதியாக வலிக்கும். வலிக்காது, வெறும் கூச்சம்தான் என்று விற்பனையாளர் சொல்வது பாதி உண்மை. எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது கூச்சமாகவும் இருக்கும், வலியாகவும் இருக்கும்.

இரண்டாவது வேலை, அதை இயக்காமலே இரண்டு வாரம் கட்டிவிடுவது. உணவுக்கு முன், நடைக்கு முன், பறவைப் பயிற்சிக்கு முன் கட்டுங்கள், முடிந்ததும் கழற்றுங்கள். இப்படிச் செய்யாவிட்டால், காலர் இருந்தால் கீழ்ப்படிய வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்பதை நாய் மிக விரைவில் கற்றுக்கொள்ளும். கட்டும் இடம் கழுத்தின் மேற்பகுதி, தாடைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலுக்குப் பக்கவாட்டில். இரண்டு தொடுமுனைகளும் தோலைத் தொட வேண்டும். தளர்ந்திருந்தால் ஒருமுறை படும், ஒருமுறை படாது. நாய்க்கு அது காரணமற்ற துடிப்பாகிவிடும். நீங்கள் எண்ணைக் கூட்டுவீர்கள், அடுத்தமுறை சரியாகப் பட்டு நாய் அலறும். ஷார்ட்ஹேர்டுக்கு முடி குறைவு. குட்டை முனைகளே போதும். ஒரே இடத்தில் பல மணிநேரம் அழுத்தினால் தோல் புண்ணாகும். பலர் இதை மின்சாரத்தால் சுட்ட புண் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அழுத்தத்தாலும் ஈரத்தாலும் வருவது. வேட்டை நாளில் நண்பகலில் கழற்றித் துடைத்து, இடம் மாற்றிக் கட்டுங்கள். கூண்டிலும் காரிலும் இரவிலும் காலர் கழுத்தில் இருக்கக்கூடாது.

இதற்கெல்லாம் முன்பே நாய்க்குச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். பாயிண்டருக்கு உயிர்நாடியானவை இரண்டு: வருவதும் நிற்பதும். இங்கே தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கர்கள் நிற்பதற்கு ‘வோ’ என்கிறார்கள். நீங்கள் வீட்டில் கூப்பிடுவதற்கு ‘வா’ என்கிறீர்கள். காற்றடிக்கும் சமவெளியில் நூறு மீட்டருக்கு அப்பால் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ‘நோ’ என்பதும் ‘வோ’ என்பதும் குழம்புவது பற்றி அமெரிக்கப் பயிற்சியாளர்களே குறைப்பட்டுக்கொள்வது உண்டு. நமக்குக் குழப்பம் மும்மடங்கு. என் நாய்களுக்கு நான் ‘நில்’ என்றே பழக்கினேன், வருவதற்கு விசில். நாய்க்கு ஆங்கிலமும் தெரியாது தமிழும் தெரியாது. இரண்டு சொற்களும் ஒலியில் விலகியிருந்தால் போதும்.

சொற்களைக் கயிற்றில் கற்பியுங்கள். ஏழெட்டு மீட்டர் நீளமான கயிறு, அகலமான சாதாரணப் பட்டை, பரிசாகத் தின்பண்டம் அல்லது நாய் விரும்பும் எதுவாவது போதும். விசில் ஊதி, கயிற்றை மெல்ல இழுத்து, உங்களை நோக்கித் திரும்பியதும் தளர்த்துங்கள். இழுப்பு எதற்கு வருகிறது, எதைச் செய்தால் தளர்கிறது என்பதை நாய் கயிற்றில்தான் புரிந்துகொள்கிறது. கயிறு தொய்ந்தே கிடக்க, பத்துக்கு ஒன்பது முறையாவது விசில் கேட்டுத் திரும்புகிறது என்ற நிலை வந்த பிறகுதான் காலர். உங்கள் நாய்க்கு இதற்கு ஆறு வாரமாவது தேவைப்படும் என்று கணக்கிடுகிறேன். இப்போது மே மாதம்; காலம் இருக்கிறது.

பின்பு, வீட்டுத் தோட்டத்தில் நாய் அமைதியாக நிற்கும்போது, ஒன்றாம் படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி, ஒரு கணம் மட்டும் அழுத்துங்கள். ஏதோ ஒரு படியில் காது அசையும், தலை சற்றுச் சாயும், அல்லது ஈ உட்கார்ந்ததோ என்று தரையைப் பார்க்கும். அங்கேயே நிறுத்துங்கள், அதுதான் வேலை செய்யும் படி. கத்தினாலோ, வாலை இடுக்கினாலோ நீங்கள் இரண்டு படி மேலே இருக்கிறீர்கள். இனி கயிற்றைக் கழற்றாமல் விசில், மெல்லிய இழுப்பு, அதே நேரத்தில் அந்தக் கீழ்ப்படித் துடிப்பு. நாய் திரும்பிய கணத்தில் இழுப்பும் துடிப்பும் ஒன்றாக நிற்கும். விடுவிக்கும் கணமே பாடம். அரை நொடி தாமதித்தால், திரும்பி உங்களிடம் வரும் நாயைத் தண்டித்தவராகிறீர்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மூன்று வாரம். இரண்டாம் வாரத்தில் இழுப்பு குறையும், மூன்றாம் வாரத்தில் துடிப்பும் குறையும். விசிலுக்கு வராதபோது மட்டும் அது தேவைப்படும். பரிசை மட்டும் எந்த வாரத்திலும் நிறுத்தாதீர்கள். ஹனோவர் ஆய்வின் இரண்டாம் பிரிவு நாய்களுக்கும் உங்கள் நாய்க்கும் வித்தியாசம் ஏற்பட வேண்டுமென்றால் இந்த மூன்று வாரத்தில்தான் ஏற்படும். அவசரக்காரர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான்.

வயலில் நாய் உற்சாகத்தில் இருக்கும்போது தோட்டத்துப் படி அதற்குத் தெரியவே தெரியாது. ஒன்றிரண்டு படி ஏற்றலாம். ஏற்றிய பிறகு நாய் அமைதியானதும் மறக்காமல் இறக்குங்கள். கழுத்து நனைந்தால் உணர்வு மாறும். நீந்தும் நாய்க்கு அழுத்துவதை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

எப்போது அழுத்தக்கூடாது என்பது இதைவிட முக்கியம். பறவை அருகில் இருக்கும்போது கூடாது. இளம் நாய் பாயிண்ட் நிற்கும்போது எக்காரணம் கொண்டும் கூடாது. கண்ணில் படாத நாய்க்கு அழுத்தக்கூடாது. இந்தக் கடைசி விதியை நான் விலை கொடுத்துக் கற்றேன். எனது இரண்டாவது நாய்க்கு இரண்டு வயது. வடக்கு டகோட்டாவில் ஒரு மாலை, இருட்டத் தொடங்கிவிட்டது. விசில் ஊதினேன், வரவில்லை. மீண்டும் ஊதினேன். பின்பு, எரிச்சலில், அழுத்தினேன். புல்லை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, நாய் கூர்வால் க்ரௌஸ் பறவைக் கூட்டம் ஒன்றின் முன் பாயிண்ட் நின்ற இடத்திலிருந்து, காதுகளைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் விலகிக்கொண்டிருந்தது. அது கற்க வேண்டியதைத்தான் செய்திருந்தது. நான் அதைத் தண்டித்தேன். அடுத்த சில வாரங்கள், பறவை மணம் கிடைத்ததும் வளைந்து விலகிப்போனது. பறவைக்காரர்கள் இதை நாய் ‘ப்ளிங்க்’ செய்கிறது என்பார்கள். காலரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு குளிர்காலம் முழுவதும் புறாக்களை வைத்துப் பழக்கித்தான் அதை மீட்க முடிந்தது. முழுவதுமாக மீண்டதா என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

ஜிபிஎஸ் திரை இந்தத் தவறை எளிதாக்கிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். திரையில் புள்ளி நகராமல் நின்றால், நாய் பிடிவாதமாக நிற்கிறது என்று தோன்றும். அது பாயிண்டில் நிற்கலாம், முள்வேலியில் மாட்டியிருக்கலாம், கண்ணியில் சிக்கியிருக்கலாம், முள்ளம்பன்றியோடு மல்லுக்கு நிற்கலாம். கடைசி நிலையில் அழுத்தினால், வலி முள்ளம்பன்றியிடமிருந்து வந்ததாக எண்ணி நாய் இன்னும் ஆவேசமாகப் பாயும். திரையில் தெரிவதும் சில நொடிகளுக்கு முந்தைய நிலைதான். புள்ளி நின்றால், நடந்துபோய்ப் பாருங்கள்.

மானுக்கு முறை வேறு. இங்கே ஹனோவர் ஆய்வின் முதல் பிரிவு வழிகாட்டுகிறது: காரணம் மானாகவே இருக்க வேண்டும், நீங்களாக இருக்கக்கூடாது. நாய் மானைத் துரத்துவதை உங்கள் கண்ணால் பார்க்கும்போது மட்டும், விசில் ஊதாமல், பெயர் சொல்லாமல், முற்றிலும் மௌனமாக, வேலைப்படியைவிடக் கணிசமாக உயர்ந்த படியில் அழுத்தி, துரத்தலை விட்ட கணத்தில் விடுங்கள். இந்தப் பதிலில் வலிக்கும் அளவை நான் பரிந்துரைக்கும் ஒரே இடம் இதுதான். நெடுஞ்சாலை இல்லாவிட்டால் இதையும் சொல்லியிருக்க மாட்டேன். கூப்பிட்டுக்கொண்டே அழுத்தினால், ‘வா’ என்ற சொல்லின் மீது அந்த வலி ஏறிவிடும். நாய் வெறுமனே மானைப் பார்த்து நிற்கும்போது அழுத்துவதும் தவறு. திரும்பி வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல வரவேற்றுத் தண்ணீர் கொடுங்கள். ஒழுங்காகச் செய்தால் இரண்டு மூன்று முறைக்கு மேல் தேவைப்படாது. நார்வேயில் எல்க்ஹவுண்டு, முயல் வேட்டைநாய், இங்கிலீஷ் செட்டர் ஆகியவற்றைச் செம்மறியாட்டிடமிருந்து விலக்குவதற்கு இதே தத்துவத்தைப் பயன்படுத்தி, அதை ஆய்வும் செய்திருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் முதன்முறை தனியாகச் செய்யாதீர்கள். உங்கள் பகுதியில் நாவ்டாவின் கிளை இருக்கும். அங்கே பல நாய்களைப் பழக்கிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். மிசௌரி ஆற்றுக்கு மேற்கே வேட்டையாடத் திட்டமிருந்தால், அங்கே சமவெளி ராட்டில்ஸ்நேக் உண்டு. பாம்பைத் தவிர்க்கப் பழக்கும் முகாம்களிலும் இதே முறைதான்.

வலிப்பு, இதயக் கோளாறு உள்ள நாய்க்கும், சினையாக இருக்கும் நாய்க்கும் காலர் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். வயதைவிட, பறவைமேல் வெறி வந்துவிட்டதா என்பதே நான் பார்க்கும் அளவுகோல். அந்த வெறி வராத நாயின் கழுத்தில் எதையும் கட்டாதீர்கள்.

தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் பருவம் அக்டோபரின் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது. காலை பத்து மணிக்குத்தான் சுடலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல். அந்த முதல் வார இறுதியில் வயல்களில் கூட்டமும் துப்பாக்கி ஓசையும் மிகுதி. முதல் பருவத்து நாயை இரண்டாம், மூன்றாம் வாரத்தில் அழைத்துப் போங்கள். ஃபெசன்ட் பாயிண்டுக்கு நின்று கொடுக்காமல் ஓடும் பறவை. இளம் நாய் பொறுமையிழந்து பாய்ந்து பறவையை எழுப்பிவிடும். அப்போது காலரை அழுத்த வேண்டும் என்று கை பரபரக்கும். சுடாமல் பறவையைப் போகவிடுங்கள். பாய்ந்தால் பறவை கிடைக்காது என்பதை நாய்க்குப் பறவையே கற்பிக்கும்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: நாய் இதுவரை துப்பாக்கி ஓசையைக் கேட்டிருக்கிறதா? கேட்டதில்லையென்றால், அந்த வேலையைக் காலருக்கு முன்பே முடித்துவிடுங்கள். நாய் புறாவைத் துரத்தி ஓடும்போது, நூறு மீட்டருக்கு அப்பால் இன்னொருவர் சிறிய வெற்றுத்தோட்டாத் துப்பாக்கியால் ஓசை எழுப்பட்டும். நாய் அதைப் பொருட்படுத்தாவிட்டால் மட்டும், நாள் செல்லச் செல்ல, சிறிது சிறிதாக அருகில் வரட்டும். அந்த நாட்களில் காலர் வீட்டில் இருக்கட்டும். ஓசைக்கு நாய் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். எந்தப் படியில் தொடங்குவது என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.